கைச்சுடர் பிலிம்ஸ்

சென்னை
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வினோலியா மதினிக்கு,

ஜெபின் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சென்னைச் சாப்பாடு ஒத்துக்கொண்டு இரண்டு சுற்று பருத்துவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? மாமா இன்னும் ஆலங்குளத்துக்கு பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறார்களா? ஆமத்தூர்ப் பக்கம் மழை உண்டா?

பேப்பரில் கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. போனில் கேட்டதற்கு, "வேலைன்னா எழுதி, படத்தோட கூரியர்ல அனுப்பு. வாட்ஸப்புல வர்றத நான் வேலையா எடுக்கிறதில்ல" என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். சிவகாசி பிரஸ்ஸில் ஐந்து வருஷமாக டிசைன் செய்கிறவர்களிடம் எதிர்ப்பேச்சு பேச முடியுமா? எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருஷப் படத்தை ஒவ்வொரு மாணவனும் தன் சொந்தக் கம்பெனியின் பெயரில்தான் காட்ட வேண்டும். கம்பெனி என்றால் பெயர் மட்டும்தான். ஆனால் படம் தொடங்கும் முன் ஐந்து விநாடிக்கு அந்தக் கம்பெனியின் லோகோ வர வேண்டும். நான் வைத்திருக்கும் பெயர் 'கைச்சுடர் பிலிம்ஸ்'. பட்டாசு விபத்தில் கை போன ஒரு பெண்ணின் கதை. நம்ம ஊர்க் கதை என்பதால் லோகோவும் நம்ம ஊர்க் கையால் வர வேண்டும் என்று ஆசை.

பென் டிரைவில் ஒரு படம் வைத்திருக்கிறேன். இருட்டில் ஒரு பெண்ணின் கை, அதில் பூச்சட்டிப் பட்டாசு எரிகிறது. இவ்வளவு அழகான ஃப்ரேம் நான் பார்த்ததில்லை. இதை வைத்து வரைந்து தாருங்கள். முடிந்தால் அதே படத்தைப் போட்டு இருநூறு போஸ்டரும் வேண்டும்.

அத்தையையும் மாமாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெபின்


ஆமத்தூர்
20 ஆகஸ்ட் 2024

அன்பு ஜெபினுக்கு,

உன் கூரியர் வந்தது. நீ பருத்திருப்பதைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்கும் பஸ்தான். மழை மல்லாங்கிணறு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நீ கேட்க மறந்துவிட்டாய், நானே எழுதிவிடுகிறேன்: தங்கச்சி ஆஷ்லினும் சுகம். இடது கையால் எழுதுவது இப்போது கொஞ்சம் படிந்திருக்கிறது.

லோகோ செய்து தருகிறேன். ஆனால் நீ சொந்தக்காரன் என்பதற்காக முறையை மாற்ற மாட்டேன். ப்ரூஃப் பேப்பரில்தான் வரும், கூரியரில். போன் வெளிச்சத்தில் எல்லாக் கலரும் அழகாகத்தான் தெரியும். அதை நம்பி வேலை செய்ய முடியாது. திருத்தம் இருந்தால் அந்தப் ப்ரூஃபிலேயே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதி அனுப்பு. திருத்தம் இல்லாதபோது, கூட வரும் சீட்டில் 'பிரிண்ட் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு என்ன தப்பு வந்தாலும் அது பார்ட்டியின் தப்பு, பிரஸ்ஸின் தப்பு இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதே. ப்ரூஃபைப் பார்க்காமல் வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தராதே. போன வருஷம் ஒருவர் ரயிலுக்கு நேரமாயிற்று என்று அப்படித்தான் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தரைச்சக்கரம் லேபிளில் அவர் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக வேறொரு கம்பெனிப் பெயர் அச்சாகிவிட்டது. வந்து குதித்தார். எங்கள் முதலாளி காளிராஜ் அண்ணாச்சி எழுந்திருக்கக்கூட இல்லை. சீட்டை எடுத்து மேஜையில் போட்டு, "இது ஒங்க கையெழுத்துத்தான? பெறகு எங்கிட்ட எதுக்குச் சத்தம் போடுதீக?" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் ப்ரூஃப் இதோடு இருக்கிறது. கையை மட்டும் கோட்டில் வரைந்திருக்கிறேன். படம் நன்றாக இருக்கிறது. எங்கே கிடைத்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வினோலியா


சென்னை
2 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது சரியாகிவிட்டது.

ப்ரூஃப் பிரமாதம். என் கூடப் படிக்கிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்கிறார்கள். படம் இணையத்தில் கிடைத்தது. எங்கே என்று ஞாபகம் இல்லை. வடநாட்டுப் படமாக இருக்கும்.

சிவப்பில் இரண்டு இடம் குறித்திருக்கிறேன். ஒன்று, பூச்சட்டியிலிருந்து எழும்பும் பொறி இன்னும் உயரமாகப் போக வேண்டும். இரண்டு, விரல்கள் கட்டையாக இருக்கின்றன. கொஞ்சம் நீட்டிவிடுங்கள். பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது விரலைத்தானே?

படத்தின் முதல் எடிட்டைப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு சின்ன வயதில் அடுத்தவர் வலி உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அத்தைக்கு என் அன்பு.

ஜெபின்


ஆமத்தூர்
15 செப்டம்பர் 2024

அன்பு ஜெபினுக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. இங்கே தீபாவளி லேபிள் சீசன் முடிகிற நேரம், காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. அதனால் தாமதம். அம்மா, அப்பா, ஆஷ்லின் மூவரும் உன்னை விசாரித்தார்கள். ஆஷ்லின் முதலில் விசாரித்தாள்.

போன வாரம் அவள் விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை கேட்டுப் போனாள். கடைசி வருஷப் பரீட்சையை எப்படியோ முடித்துவிட்டாள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கூடப் போனவள் என் பிரஸ் சிநேகிதி அழகுமீனா. உள்ளே இருந்த மேட்ரன் அம்மா சர்டிஃபிகேட்டைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தாராம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற வலது கை.

"எப்படிம்மா ஆச்சு?"

"பட்டாசு. என் தப்புதான் மேடம். கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"படிச்ச பிள்ள, இம்புட்டு வெளையாட்டுப் புத்தியா? ஒன்ன நம்பி ஊசிய எப்படிக் குடுக்க?"

வெளியே வந்து அழுதாளா என்று கேட்டேன். "இல்லக்கா, அந்த அம்மா சொன்னது சரிதான்னு சொல்லிக்கிட்டே பஸ்ஸுல வந்தா" என்றாள் அழகுமீனா.

நீ சொன்ன திருத்தங்களைச் செய்திருக்கிறேன். பொறியை உயர்த்தியிருக்கிறேன். விரல்களை நீட்டியிருக்கிறேன். ஒரு சந்தேகம். நடுவிரலில் ஒரு மோதிரம் இருக்கிறது. புறா போட்ட வெள்ளி மோதிரம். உன் படத்தைப் பெரிதாக்கினால் நன்றாகத் தெரிகிறது. அதை வைக்கவா, எடுக்கவா? எழுது.

வினோலியா


சென்னை
28 செப்டம்பர் 2024

மதினிக்கு,

நலம். மோதிரத்தை எடுத்துவிடுங்கள்.

ஜெபின்


ஆமத்தூர்
10 அக்டோபர் 2024

ஜெபினுக்கு,

உன் சுகத்தை இந்த முறை கடைசியில் கேட்கிறேன்.

அந்த மோதிரத்தை எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் லீவில், ஆஸ்பத்திரியில், டாக்டர் கத்தரித்து எடுத்தார். அம்மா அதை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். உன் படத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புறாவின் இடது சிறகு நுனி மழுங்கியிருக்கும். படத்திலும் மழுங்கியிருக்கிறது.

அது வடநாட்டுப் படம் இல்லை. மல்லாங்கிணறு பருத்திக் காட்டில், பொழுது சாய்ந்த நேரத்தில், நீ எடுத்த படம். நீயும் ஆஷ்லினும் மட்டும்தான் போனீர்கள். "ஒரே ஒரு ஷாட் மதினி, அரை மணியில கொண்டாந்து விட்டுருவேன்" என்று நீ அவளைக் கூட்டிப் போனபோது நான் பிரஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நீ எல்லோரிடமும் சொன்னது இது: கேமரா இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, அவள் விளையாட்டாகப் பூச்சட்டியைக் கையில் வைத்துப் பற்றவைத்தாள், போடு போடு என்று நீ கத்தினாய், தட்டிவிட ஓடினாய், அதற்குள் வெடித்துவிட்டது. உன் மணிக்கட்டில் பட்ட சின்னக் காயத்தை எல்லோரும் பார்த்தார்கள். சபையில் உனக்காக ஜெபம் செய்தார்கள்.

ஸ்டாண்டில் வைத்த கேமரா ஓடியிருக்கிறது. அதுகூடப் போகட்டும்.

உன் போஸ்டருக்காகக் கலர் பிரித்தேன். ஒரு படத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்காகப் பிரிக்க வேண்டும். எங்கள் பிரஸ்ஸில் சின்ன ஆர்டருக்கு இன்னும் ட்ரேசிங் ஷீட்டில்தான் எடுக்கிறோம். குழந்தை முகம் போட்ட மத்தாப்பு லேபிள் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது நீல ஷீட்டைத்தான். மனுஷத் தோல் இருக்கிற இடத்தில் நீலம் குறைவாக விழ வேண்டும். கூடிவிட்டால் குழந்தை அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருக்கும். அந்தப் பழக்கத்தில் உன் படத்தின் நீல ஷீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஆஷ்லின் கைக்குக் கீழே, நீ வெறும் இருட்டு என்று நினைத்த இடத்தில், இன்னொரு கை வெளுப்பாகத் தெரிந்தது.

சதுர வாட்ச் கட்டிய வலது கை. வலது கையில் வாட்ச் கட்டுகிறவன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். தட்டிவிட வந்த கை மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும். இது கீழிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. நான்கு விரலும் கட்டைவிரலும் நன்றாகச் சுற்றிப் பிடித்து, மேலே, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறது. பொறி அப்போதே ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. அவள் உள்ளங்கை சுட்டிருக்கும். இழுத்திருப்பாள். நீ விடவில்லை.

இரண்டு வருஷமாக அவள் தன் தப்பு, தன் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேட்ரனிடம் சொல்கிறாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்கிறாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ உன் கையால் ஆஷ்லினுக்கு ஒரு கடிதம் எழுது. அன்றைக்கு என்ன நடந்ததோ அதை எழுது. போலீசுக்கு வேண்டாம், சபைக்கு வேண்டாம், அவளுக்கு மட்டும். அந்தக் கடிதம் வராமல் லோகோ வராது.

நீ சுகமா?

வினோலியா


விருதுநகர்
9 நவம்பர் 2024

அன்பு மகள் வினோலியாவுக்கு மாமா தேவாசீர்வாதம் எழுதிக்கொள்வது,

இங்கே எனக்கும் உன் அத்தைக்கும் ஆண்டவர் சுகத்தைக் குறைவில்லாமல் தந்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். என் தங்கை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

நீ எழுதிய கடிதத்தை மகன் ஜெபின் எனக்கு அனுப்பியிருந்தான். படித்தேன். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், உன் எழுத்துநடை நன்றாக இருக்கிறது. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆஷ்லின் பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இடது கையால் எழுதிய ஒரு கடிதம் என் பீரோவில் இருக்கிறது. "என் விளையாட்டுத்தனத்தால் நடந்தது, அத்தான் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அதை நான்தான் எழுத வைத்தேன் என்று நீ நினைக்கலாம். வரிகளை நான் சொன்னேன். எழுதியது அவள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இப்போது உண்மை தெரிந்தால் அவளுக்கு என்ன வளரப்போகிறது, விரலா? தன் தப்பு என்று நினைக்கிறவள் நிம்மதியாக இருக்கிறாள். அடுத்தவன் தப்பு என்று தெரிந்தால் வாழ்நாள் முழுக்க வெந்துகொண்டிருப்பாள். அவளை ஜெபினுக்குக் கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்ததை நான் மறக்கவில்லை. யார் முறித்தது? நாங்கள் முறிக்கவில்லை. கை அப்படியானது. அவனுக்கு நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வீட்டில் இப்போது பேச்சு நடக்கிறது. ஜனவரி இருபத்தாறு அன்று இங்கே மண்டபத்தில் சொந்தக்காரர்களையும் அவர்களையும் கூட்டி ஜெபின் படத்தைப் போட்டுக்காட்டப் போகிறேன். நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

நீ கேட்ட கடிதத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதுவான். நீ உன் வேலையை முடித்துக் கொடு.

தேவாசீர்வாதம்


சென்னை
24 நவம்பர் 2024

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

நீ நலமா? இவ்வளவு நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன். எழுத மனம் வரவில்லை. அன்றைக்கு நடந்ததில் எனக்கும் எவ்வளவோ போயிற்று. அந்த வருஷம் நான் எடுக்க வேண்டிய படம் நின்றுபோனது. ராத்திரி தூக்கம் போயிற்று. ஆனால் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை. ஆகவே எல்லாவற்றையும் நான் முழுமனதோடு மன்னித்துவிட்டேன். இனி அதை நினைத்து நீ வருத்தப்படக் கூடாது. உனக்காக ஜெபிக்கிறேன்.

அத்தான்
ஜெபின்

(மதினிக்கு: நீங்கள் கேட்ட கடிதம் மேலே இருக்கிறது. ப்ரூஃப் சீட்டில் 'பிரிண்ட் ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கடைசி ப்ரூஃபை எனக்கு அனுப்ப வேண்டாம், நேரமில்லை. டிசம்பர் முழுக்க நாகர்கோவிலும் விருதுநகருமாக அலைச்சல். ஃபைலை நேராக எங்கள் எடிட்டர் தங்கப்பாண்டியனுக்கே அனுப்பிவிடுங்கள். அவரே படத்தில் சேர்த்துக் கல்லூரியில் கொடுத்துவிடுவார். நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள்.)


ஆமத்தூர்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆஷ்லின் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் படிப்பையும் கெடுத்துவிட்டேனே என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நீங்கள் மன்னித்துவிட்டதாக எழுதியது எனக்குப் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கு நடந்ததில் பாதி ஞாபகம் இல்லை. ஆனால் என் கையை நீங்கள் பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இறுக்கமாகப் பிடித்தீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் நெருப்புக்குள் கையைக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வலி வரும்போதெல்லாம் அந்தப் பிடியை நினைத்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. உங்கள் மணிக்கட்டுக் காயம் ஆறிவிட்டதா?

உங்களுக்கு நல்ல இடத்தில் பேசி முடிப்பதாக அம்மா சொன்னார்கள். சந்தோஷம். அக்கா செய்கிற உங்கள் கம்பெனி லோகோவை நான் இன்னும் பார்க்கவில்லை. காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஷ்லின்


ஆமத்தூர்
18 ஜனவரி 2025

ஜெபினுக்கு,

புது வருஷம் உங்கள் வீட்டில் நன்றாகப் பிறந்திருக்கும். இங்கே அம்மா சுகம். அப்பா சுகம்.

ஆஷ்லின் உனக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் ஒட்டாமல்தான் கொடுத்தாள், கூரியரில் போடச் சொல்லி. படித்தேன். அவள் மனதுக்குள் அப்படி ஒன்றை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் அந்த நான்கு ஷீட்டையும் பிரஸ் மேஜைக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். மாமா எழுதியதுதான் சரியோ என்றும் நினைத்தேன். வலி வரும்போது நினைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு கை இருந்தது. அது பொய்யாக இருந்தால்தான் என்ன?

அவள் விடவில்லை. "லோகோவக் காட்டுக்கா. அத்தான் கம்பெனி, நான் பாக்க வேணாமா?" என்று தினமும் கேட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும், நான்கு ஷீட்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். அவள் கை எரிவது தெரிந்தது. "இது நான்தானக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு மற்ற மூன்றையும் உரித்துவிட்டு நீல ஷீட்டை மட்டும் விட்டேன்.

நான் செய்தது நல்ல காரியம் என்று சொல்ல மாட்டேன். செய்துகொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி ஜன்னலில் இருந்த கைக்கு நேராக வைத்தாள். இடது கையால் தன் மணிக்கட்டை மேலிருந்து பிடித்துப் பார்த்தாள். அப்புறம் கீழிருந்து பிடித்துப் பார்த்தாள். இப்படி மூன்று தடவை. கீழிருந்து பிடித்தபோதுதான் ஜன்னலில் இருப்பது மாதிரி வந்தது.

"இழுக்கல, என்னக்கா?"

"இல்ல."

"தூக்கித்தான் பிடிச்சிருக்காக."

"ஆமா."

"நான் 'சுடுது அத்தான்'னு சொன்னேன்க்கா. இப்ப ஞாபகம் வருது. ரெண்டு தடவ சொன்னேன்."

அழவில்லை. வேதாகமத்திலிருந்து உன் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். ஒரு கையும் இரண்டு விரலும் வைத்துக் கிழிக்க நேரமானது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வலி வந்தால் எதையும் நினைத்துக்கொள்வதில்லை. சத்தமாகவே கத்துகிறாள். தெருவில் கேட்கிறது. இதை நீயும் மாமாவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னால் வந்தது இது.

அடுத்த நாள் லோகோவின் கடைசி ப்ரூஃபைக் கேட்டாள். இரண்டு கையும் இருக்கிற மாதிரிதான் அதை வரைந்து வைத்திருந்தேன். "பார்ட்டி பார்க்கலன்னா நான் பார்க்கலாம்ல? என் கைதான?" என்றாள். சிவப்புப் பேனா எங்கன இருக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். உன் கையில்தான் வட்டம் போடுவாள் என்று நினைத்தேன். தன் கையைச் சுற்றிப் போட்டாள். பூச்சட்டியையும் சேர்த்து. மோதிரத்தையும் சேர்த்து. பக்கத்தில் இடது கையால் எழுதினாள்: "இதை எடுத்துவிடவும்."

அவள் சொன்ன திருத்தத்தைச் செய்துவிட்டேன். நீ முன்பே அனுப்பிய கையெழுத்துச் சீட்டை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு ஃபைலைத் தங்கப்பாண்டியனுக்கு அனுப்பினேன். நேற்றுப் போன் செய்தார். படத்தில் சேர்த்துக் கல்லூரியில் கொடுத்தாகிவிட்டதாம், இனி யாரும் மாற்ற முடியாதாம். அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. "சூப்பருங்க மேடம். வெறும் கை மட்டும். எதையோ பிடிச்சுக்கிட்டு விடாம நிக்கிற மாதிரி இருக்கு. என்ன அர்த்தம்னு எல்லாரும் கேக்கப்போறாங்க" என்றார். இயக்குநரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.

போஸ்டர் இருநூறும் அச்சாகிவிட்டது, நீ அனுப்பிய படம் அப்படியே, இரண்டு கையோடும். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மீதியை மண்டப முகவரிக்கு லோடு ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். கலர் நன்றாக வந்திருக்கிறது. நீலத்தை நானே நின்று குறைத்தேன். தோல் தோலாகவே தெரிகிறது. சதுர வாட்சின் முள்கூடத் தெரிகிறது, ஆறு இருபது. மாமா உனக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச், சொந்தக்காரர்கள் பார்த்ததும் தெரிந்துகொள்வார்கள். டாக்டர் வீட்டுக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று கொடு. தப்பு ஏதாவது இருந்தால் அண்ணாச்சியிடம் சீட்டு இருக்கிறது.

இருபத்தாறாம் தேதி நாங்கள் வருகிறோம். முன்வரிசையில் ஆஷ்லினுக்கு ஒரு இடம் வை. வருவேன் என்று அவளேதான் சொன்னாள்.

கடிதம் எழுதினால் எல்லோருடைய சுகத்தையும் கேட்க வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாது. மாமா சுகமா? அத்தை சுகமா? நீ சுகமா?

உன் வலது கை சுகமா?

வினோலியா